மகேந்திரகிரி பக்கம் இன்சார் படத்தில் வண்ண வளையங்கள்: நிலம் நகர்ந்ததா, காற்றா?

கேள்வி: தோவாளை_சிவில்

வணக்கம். நில அதிர்வுக்குப் பிறகு தரை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதைச் செயற்கைக்கோள் ரேடார் வழியாகப் பார்க்கும் இன்சார் முறையை (இரண்டு நாள் ரேடார் படங்களை ஒப்பிடுவது) நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பழகிப் பார்க்கிறேன். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைப் பகுதிகள், மாத்தூர் தொட்டிப்பாலம், மலையோரச் சாலைகள் இவற்றுக்கு ஒரு வேலைமுறை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். அதிர்வு வந்த பிறகு மென்பொருள் படிக்க நேரம் இருக்காது.

சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள், ஐடபிள்யூ (அகலப் பட்டையாகப் படமெடுக்கும்) முறை, எஸ்எல்சி (ஃபேஸ், அதாவது திரும்பிய அலை தன் சுற்றில் நிற்கும் நிலை, சேர்ந்த படம்), விவி (செங்குத்து அலை போய்ச் செங்குத்தாகவே திரும்புவது). ஒரே பாதையில் 12 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். ஸ்னாப் மென்பொருளில் வழக்கமான வரிசைதான்: டாப்சார் ஸ்பிளிட், ஆர்பிட் ஃபைல், பேக் ஜியோகோடிங், இஎஸ்டி (இரண்டு படத்தின் ஒட்டை நுணுக்கமாகத் திருத்துவது), இன்டர்ஃபெரோகிராம் (ஃபேஸ் வித்தியாசப் படம்), டீபர்ஸ்ட் (பர்ஸ்ட் என்னும் படத் துண்டுகளை இணைப்பது), நில உயரத்தின் ஃபேஸை நீக்குதல், கோல்ட்ஸ்டீன் ஃபில்டர், ஸ்னாஃபு நிரலில் அன்ராப் (ஃபேஸ் சுற்றுகளை எண்ணித் தொடர் அளவாக்குவது). செங்குத்து பேஸ்லைன் (இரண்டு நாளும் செயற்கைக்கோள் நின்ற இடங்களின் இடைவெளி, பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே) சுமார் 60 மீட்டர். அந்த 12 நாளில் எந்த அதிர்வும் இல்லை. ஆனாலும் நாலு சிக்கல்.

மகேந்திரகிரி, காளிகேசம் பக்கம் மலையைச் சுற்றி வளையம் வளையமாக வருகிறது. அடிவாரத்திலிருந்து மேலே போகும்போது ஒன்றரைப் பட்டை. அன்ராப் செய்த பிறகு நாகர்கோவிலுக்கும் தக்கலைக்கும் இடையே கிட்டத்தட்ட 2.8 செ.மீ. வித்தியாசம் திடீரென்று குதிக்கிறது. கடலோரம் படத்தில் கிழக்கு மேற்காகக் கோடு கிழித்தது போல ஃபேஸ் உடைகிறது. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர்த் தோட்டம் முழுக்க வெறும் புள்ளிமயம், ஒன்றும் படிக்க முடியவில்லை.

இது எல்லாம் என் பிழையா, இடத்தின் குணமா? எந்த அளவு அதிர்வு வந்தால் இந்த முறையில் உண்மையிலேயே ஏதாவது தெரியும்?

---

பதில் 1: வேளிமலை

தம்பி, நாலுக்கும் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மலை வளையம் காற்றுதான். சென்டினல்-1 அலைநீளம் 5.55 செ.மீ. அலை போய்த் திரும்புவதால் ஒரு முழு வண்ணச் சுற்று என்பது 2.77 செ.மீ. பார்வைக்கோட்டு மாற்றம் (செயற்கைக்கோளுக்கும் தரைக்கும் இடையிலான கோட்டில்). உங்கள் ஒன்றரைப் பட்டை சுமார் 4.2 செ.மீ. படுகோணம் (அலை நேர்மேலிலிருந்து சாய்ந்து வரும் கோணம்) 39 பாகை என்று வைத்தால் நேர்மேலே அது 3.2 செ.மீ. தாமதம். ஈரக்காற்று தரும் தாமதம், அந்தக் காற்றில் உள்ள நீராவியைத் தண்ணீராக இறக்கினால் வரும் உயரத்தைப்போல ஆறு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதல். அதாவது அடிவாரத்துக்கும் உச்சிக்கும் நடுவில் உள்ள நீராவி, முதல் நாளுக்கும் இரண்டாம் நாளுக்கும் வெறும் 5 மி.மீ. தண்ணீர் அளவு மாறியிருந்தாலே போதும், உங்கள் வளையம் வந்துவிடும். இரண்டு பருவமழையும் வாங்குகிற, ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் உள்ள மாவட்டத்தில் 5 மி.மீ. சாதாரணம்.

உறுதி செய்ய ஒரு வழி: அன்ராப் செய்த ஃபேஸை ஒரு அச்சிலும் நில உயரத்தை இன்னொரு அச்சிலும் போட்டுப் பாருங்கள். புள்ளிகள் ஒரே சாய்கோட்டில் விழுந்தால் உயரத்தோடு போகும் காற்றுத் தாமதம். இன்னொரு வழி: அ, ஆ, இ என்று மூன்று நாள் படம் எடுத்து அ–ஆ ஒன்று, ஆ–இ ஒன்று போடுங்கள். இரண்டிலும் வளையம் வந்து, ஒன்றில் வண்ண வரிசை நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் இருந்தால், குற்றவாளி பொதுவாக நிற்கும் ஆ நாளின் காற்று. நிலம் நகர்ந்திருந்தால் அப்படித் திரும்பி வராது.

திருத்துவதற்கு காகோஸ் இணையச் சேவையின் காற்றுத் தாமத வரைபடத்தைக் கேட்டு வாங்கிக் கழிக்கலாம், அல்லது இஆர்ஏ5 வானிலைத் தரவை வைத்துக் கழிக்கலாம். இஆர்ஏ5 கட்டம் சுமார் 31 கி.மீ. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும் காற்று அதற்குள் அடங்கிக் கரைந்துவிடும். அதனால் கழித்த பிறகு படம் முன்பைவிட மோசமானாலும் ஆச்சரியமில்லை. கழிப்பதற்கு முன்னும் பின்னும் திட்டவிலக்கம் பாருங்கள். குறையவில்லை என்றால் அந்தத் திருத்தத்தைப் போடாதீர்கள்.

2.8 செ.மீ. குதிப்பு: எண்ணே சொல்லிவிடுகிறது, அது சரியாக ஒரு சுற்று. நாகர்கோவில் நகரம் ஒரு தீவு, தக்கலை ஒரு தீவு. நடுவில் வயல், குளம், தென்னந்தோப்பு. ஒத்திசைவு (கோஹரன்ஸ்; இரண்டு படமும் ஒத்துப்போகும் அளவு, 0 முதல் 1 வரை) இல்லாத அந்த இடைவெளியைத் தாண்டும்போது ஸ்னாஃபு ஒரு சுற்றை விட்டுவிட்டது. கோஹரன்ஸ் 0.3-க்குக் கீழே உள்ளதை மூடிவிட்டு அன்ராப் செய்யுங்கள். பிறகு மூன்று படச் சோதனை: அ–ஆ, ஆ–இ கூட்டி அ–இ-யைக் கழித்தால் பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எந்த இடத்தில் 2π (ஒரு முழுச் சுற்று) பாக்கி நிற்கிறதோ அங்கே அன்ராப் தவறு. இந்தச் சோதனை காற்றைக் காட்டாது, ஏனென்றால் காற்றுத் தாமதம் தானாகவே கழிந்துபோகும். இரண்டு சோதனையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கடலோரக் கோடு இஎஸ்டி பிரச்சினை. அடுத்தடுத்த பர்ஸ்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஒடுங்கிய பட்டையை வைத்துத்தான் இஎஸ்டி கணக்குப் போடுகிறது. படங்களின் ஒட்டு ஒரு பிக்சலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். நாட்டின் முனையில் இருப்பதால் நம்ம பர்ஸ்டுகளில் பாதிக்கு மேல் கடல். கடலில் ஒத்திசைவே இல்லை. நீங்கள் மாவட்டத்தை மட்டும் மூடும்படி பர்ஸ்ட் வெட்டியிருப்பீர்கள். வடக்கே வள்ளியூர், நாங்குநேரி வரை கூடுதலாக இரண்டு மூன்று பர்ஸ்ட் சேர்த்து ஓட்டுங்கள். அங்கே காய்ந்த நிலம், நல்ல ஒத்திசைவு; கணக்கு அதன்மேல் நிற்கும், கோடு மறையும். ஒரே பர்ஸ்ட் எடுத்தால் இஎஸ்டி ஓடவே ஓடாது.

கேட்காத ஒன்று. வெளியிலிருந்து உயரத் தரவு எடுத்துப் போட்டால் கன்னியாகுமரி கடற்கரையில் அது என்ன எண் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். பூச்சியத்துக்குப் பக்கம் வந்தால் கடல்மட்ட உயரம். −90-க்கும் கீழே வந்தால் நீள்வட்ட உயரம் (பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்தது). உலகத்திலேயே ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டப் பரப்பு) மிக ஆழமாகப் பள்ளம் விழும் பகுதி நமக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் இருக்கிறது, ஆகவே இந்த இரண்டு உயரத்துக்கும் நம்ம ஊரில் 90 மீட்டருக்கும் மேலே வித்தியாசம். மாற்றிப் போட்டால் படம் தரையில் 100 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் தள்ளி உட்காரும். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் புள்ளி பறளியாற்றை விட்டு ஏதோ ஒரு தோட்டத்தில் போய் விழுந்திருக்கும்.

---

பதில் 2: கோதையாறு

எந்த அளவு அதிர்வு தெரியும் என்பதற்குத் தோராயக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அதிர்வின் திருப்புத்திறனை (விறைப்பு × பிளவின் பரப்பு × நழுவல்) பாறையின் விறைப்பால் வகுத்தால் எத்தனை கன மீட்டர் நழுவல் என்று வரும். அதை ஆழத்தின் வர்க்கத்தில் ஆறு மடங்கால் வகுத்தால் தரையில் தெரியும் அதிகபட்ச அசைவுக்கு ஓரளவு மதிப்பு கிடைக்கும்.

அதிர்வின் அளவு 3, ஆழம் 10 கி.மீ.: ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. சட்டி பானை குலுங்கும், ஜன்னல் கண்ணாடி சடசடக்கும், படத்தில் ஒன்றுமே வராது. அளவு 5, அதே ஆழம்: 2 மி.மீ. நம்ம ஊர்க் காற்றில் அது மூழ்கிவிடும். அளவு 5, ஆழம் 3 கி.மீ.: 2.5 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு பட்டை, தெரியும். அளவு 6, ஆழம் 10 கி.மீ.: 7 செ.மீ., தெளிவாகத் தெரியும். ஆழம் இரட்டித்தால் அசைவு நாலில் ஒன்றாகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே தென் தமிழகத்தில் அவ்வப்போது உணரப்படும் சின்ன அதிர்வுகளுக்கு "தரை எவ்வளவு நகர்ந்தது" என்று இன்டர்ஃபெரோகிராம் போடுவது வீண். அங்கே பார்க்க வேண்டியது வேறு: குலுங்கியதால் மலைச்சரிவு நகர ஆரம்பித்ததா, கரை உட்கார்ந்ததா. அது அதிர்வுக்குப் பிந்தைய வாரங்களில் மெதுவாக நடப்பது. ஒரே ஒரு ஜோடிப் படம் அதற்குப் போதாது, காலவரிசை வேண்டும்.

பெரிய அதிர்வில் இந்த முறை என்ன செய்யும் என்பதற்கு நேபாளம், 2015 ஏப்ரல் 25, அளவு 7.8. பிளவு தரையை வெட்டிக்கொண்டு வெளியே வரவில்லை. ஆனாலும் காத்மாண்டுப் பகுதி ஒரு மீட்டர் அளவுக்கு மேலே ஏறியதும், வடக்கே மலைப்பக்கம் இறங்கியதும் ரேடார் படத்தில் பட்டை பட்டையாக வந்தது. பழகுவதற்கு அந்த ஜோடியைத்தான் எடுக்கச் சொல்வேன், விடை தெரிந்த கணக்கு. துருக்கி, 2023 பிப்ரவரி 6 வேறு பாடம். பிளவுக்கோட்டுக்கு ஒட்டிய இடத்தில் அசைவு மீட்டர் கணக்கில், பட்டைகள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து ஃபேஸ் செத்துவிடும். அங்கே பிக்சல் நகர்வை அளக்கும் ஆஃப்செட் முறைதான் கைகொடுத்தது. அதன் துல்லியம் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில்தான், சில செ.மீ. அசைவுக்கு அதை எடுக்கக் கூடாது.

2004 சுனாமியை வைத்து, அப்போது நம்ம ஊர் நிலமும் நகர்ந்ததை இன்சாரில் பார்க்கலாம் என்ற ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. குளச்சலையும் மணக்குடியையும் அழித்த அலை சுமார் 2,000 கி.மீ. தாண்டிக் கடலடியில் பிறந்தது. நிலம் பெரிதாக ஏறி இறங்கியது சுமத்ரா, அந்தமான் நிக்கோபார் பக்கம். நிக்கோபாரின் தென்கோடியில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கின் அடி தண்ணீருக்குள் போனது. அந்தத் தீவுப் பகுதிகளில் பவளத்திட்டு வெளியே வந்ததையும் கரை மூழ்கியதையும் சாதாரணப் படங்களில் கரைக்கோட்டை ஒப்பிட்டே கண்டுபிடித்தார்கள். இன்சார் கடல்மேல் ஒன்றும் அளக்காது. மாவட்டம் முழுவதும் ஒரே சீராக ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் காட்டாது, ஏனென்றால் எல்லாமே ஒரு குறிப்புப் புள்ளியைப் பார்த்த ஒப்பீடுதான். அதற்கு ஜிபிஎஸ் நிலையம் வேண்டும்.

இன்னும் ஒரு வரம்பு: செயற்கைக்கோள் ஏறக்குறைய வடக்கு தெற்காகப் பறந்து பக்கவாட்டில் பார்ப்பதால் வடக்கு தெற்கு நகர்வு கிட்டத்தட்டத் தெரியாது. ஏறுபாதை (தெற்கிலிருந்து வடக்கே), இறங்குபாதை (வடக்கிலிருந்து தெற்கே) இரண்டிலும் படம் இருந்தால் மேல் கீழையும் கிழக்கு மேற்கையும் பிரிக்கலாம். ஒரே பாதைதான் கிடைக்கிறது என்றால் "பார்வைக்கோட்டில் இவ்வளவு" என்று மட்டும் எழுதுங்கள். அதைப் படுகோணத்தின் கொசைனால் வகுத்து "தரை இவ்வளவு தாழ்ந்தது" என்று அறிக்கையில் போட்டுவிட்டால், பக்கவாட்டு நகர்வே இல்லை என்று நீங்கள் சத்தியம் செய்தது போலாகிவிடும். மலைச்சரிவில் அது நிச்சயம் தவறு.

---

தோவாளை_சிவில்

அண்ணாச்சிமாரே, ரொம்ப நன்றி. நாங்குநேரி வரை பர்ஸ்ட் சேர்த்ததும் கோடு போய்விட்டது. வளையம் ஆ நாளோடுதான் வருகிறது, அ–ஆ, ஆ–இ இரண்டிலும் தலைகீழ். ரப்பர்ப் பகுதிக்கு எல்-பேண்ட் (நீண்ட அலை ரேடார்) போனால் சரியாகுமா? அணைப் பக்கம் பாறையில் உலோக எதிரொளிப்பான் (ரேடார் அலையை நேரே திருப்பி அனுப்பும் தகட்டு அமைப்பு) வைத்துவிடலாமா என்றும் யோசனை.

---

பதில் 3: பறளியாறு

எல்-பேண்ட் இலையைத் தாண்டிக் கிளையிலும் தண்டிலும் போய்த் திரும்புவதால் ரப்பரிலும் தென்னையிலும் ஒத்திசைவு நீண்ட நாள் நிற்கும். ஜப்பானின் அலோஸ்-2 செயற்கைக்கோள் எல்-பேண்ட். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோள் எல்-பேண்ட், எஸ்-பேண்ட் இரண்டும் சுமக்கிறது. நிசாரின் எல்-பேண்ட் சுமார் 24 செ.மீ., ஆகவே ஒரு பட்டை 12 செ.மீ. சின்ன அசைவுக்கு உணர்திறன் குறைவு, ஆனால் இலைக்காட்டில் ஏதாவது ஒன்று கிடைக்கிறதே, அது பெரிது.

ஆனால் நம்ம ஊரில் எல்-பேண்டுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, வட இந்தியாவில் செய்தவர்கள் சொன்னதை வைத்து ஏமாறாதீர்கள். காந்த நிலநடுக்கோடு நம்ம தலைக்கு மேலேதான் போகிறது. பக்கத்துத் தும்பாவில் 1963-இல் ராக்கெட் தளம் வைத்ததே அதற்காகத்தான். அயனி அடுக்கில் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் உள்ள அடுக்கு) எலெக்ட்ரான் எண்ணிக்கை ஒரு டெக் அலகு மாறினால் சி-பேண்டில் (சென்டினலின் அலைவரிசை) 1.4 செ.மீ. பொய் அசைவு வரும், எல்-பேண்டில் 25 செ.மீ. வரும். அலைவெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், பதினெட்டு மடங்கு. படத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு டெக் அலகு வேறுபாடு இங்கே சர்வசாதாரணம். அதனால் ஸ்பிளிட் ஸ்பெக்ட்ரம் (அலைவெண் பட்டையைப் பிரித்து அயனித் தாமதத்தைக் கணிக்கும்) திருத்தம் போடாத எல்-பேண்ட் படத்தை நம்ம மாவட்டத்துக்கு நம்பவே கூடாது. காலை ஆறு மணிப் பாதையும் மாலை ஆறு மணிப் பாதையும் கிடைத்தால் காலையை எடுங்கள். அயனி அடுக்கும் மெலிந்திருக்கும், கடற்காற்றும் அடங்கியிருக்கும்.

சி-பேண்டிலேயே ரப்பரில் கொஞ்சம் பிடிக்க வேண்டுமானால் இலையுதிர் காலத்து ஜோடி எடுத்துப் பாருங்கள். ரப்பர் இலை கொட்டி நிற்கும் அந்தச் சில வாரம், மழையும் ஓய்ந்திருக்கும் நேரம், வருடத்திலேயே நல்ல நேரம். துளிர் விட்டதும் முடிந்தது.

எதிரொளிப்பான் நல்ல யோசனை, செலவும் அதிகமில்லை. மூன்று முக்கோண அலுமினியத் தகடு, உள்விளிம்பு ஒரு மீட்டர். சி-பேண்டில் இதன் எதிரொளிப்புப் பரப்பு சுமார் 1,360 சதுர மீட்டர், 31 டெசிபல். சுற்றிலும் வெறும் பாறை என்றால் ஃபேஸ் பிழை கணக்குப்படி 0.3 மி.மீ. அளவுக்கு இறங்கும். உள்விளிம்பை 70 செ.மீ. ஆக்கினால் 25 டெசிபல்தான், ஏனென்றால் நீளத்தின் நாலாம் அடுக்கில் குறைகிறது. தகட்டை மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல. ஒரு மீட்டரே எல்-பேண்டில் 19 டெசிபல்கூட வராது, அதற்கு இது போதாது.

இறங்குபாதை சென்டினலுக்கு எதிரொளிப்பானின் வாய் கிழக்கு-தென்கிழக்கே, வடக்கிலிருந்து சுமார் 102 பாகை. ஏறுபாதைக்கு மேற்கே, சுமார் 258. உங்கள் புள்ளியின் படுகோணம் 39 என்றால் செயற்கைக்கோள் அடிவானிலிருந்து 51 பாகை உயரத்தில் இருக்கும். அடித்தகடு மட்டமாக இருந்தால் முக்கோண எதிரொளிப்பான் இயல்பாகவே 35 பாகை மேலே பார்க்கும், மீதி 16 பாகைக்கு முன்பக்கத்தைத் தூக்கி வையுங்கள். படுகோணம் இடத்துக்கு இடம் மாறும், படத்திலிருந்தே எடுங்கள். நிசார் இடப்பக்கம் பார்க்கிறது, சென்டினல் வலப்பக்கம். ஒரே பாதைப் பெயரை வைத்துத் திசை முடிவு செய்தால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

முன்பக்கம் தூக்கியிருப்பதால் மழைத்தண்ணீர் நேரே மூன்று தகடும் சேரும் மூலைக்கு ஓடும். அந்த மூலையில் ஒரு விரல் நுழையும் துளை கட்டாயம். தண்ணீர் தேங்கினால் எதிரொளிப்பும் ஃபேஸும் கெடும். ஐப்பசி மழையில் துளை சருகால் அடைபடும், மாதம் ஒருமுறை ஆள் போய்க் குச்சி விட வேண்டும். தகடுகளுக்கு இடையே செங்கோணம் ஒரு பாகைக்குள் இருக்கட்டும், வெல்டிங் சூட்டில் வளைந்தால் போச்சு, ஆகவே போல்ட் போடுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் என்றால் காற்றுக்குத் துளையிட்ட தகடு நல்லது, துளை 5 மி.மீ.க்குள். கடலோரம் என்றால் எஃகு போல்ட்டும் அலுமினியமும் தொடும் இடம் உப்பில் அரிக்கும், நடுவில் நைலான் வாஷர்.

பாறையில் துளைத்து நடுங்கள். மண் கொட்டி நிரப்பிய இடத்தில் வைத்தால் அந்த மண் உட்காருவதைத்தான் அளப்பீர்கள். ஒன்று மட்டும் வைத்தால் பயனில்லை. அணைப் பக்கம் ஒன்று, ஒன்றிரண்டு கி.மீ.க்குள் அசையாத பாறையில் ஒன்று. பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் காற்றுத் தாமதம் இரண்டுக்கும் ஒன்றே, கழிந்துவிடும். அதிர்வு வருவதற்கு முந்தைய படங்கள் இல்லாமல் எதிரொளிப்பானுக்குப் பொருளே இல்லை, ஆகவே வைப்பதானால் இப்போதே வையுங்கள். அணை எல்லைக்குள் என்றால் எழுத்து அனுமதி வாங்கிவிட்டுத்தான்.

---

பதில் 4: வேளிமலை

பறளியாறு அக்கா சொன்னதோடு சேதப் படத்தையும் சேர்த்துவிடுகிறேன், அதிர்வுக்குப் பிறகு முதலில் கேட்கப்படுவது அதுதான்.

அதிர்வுக்கு முந்தைய இரண்டு படங்களின் கோஹரன்ஸ் ஒன்று, முன்னும் பின்னும் ஆன ஜோடியின் கோஹரன்ஸ் ஒன்று. இரண்டாவது திடீரென்று விழுந்த இடம் இடிபாடாகவோ மண்சரிவாகவோ இருக்கலாம். நம்ம ஊரில் ஒரு மழையே அதே வேலையைச் செய்யும். ஆகவே ஒரு முந்தைய ஜோடியை வைத்து முடிவு சொல்லாதீர்கள். எட்டுப் பத்து முந்தைய ஜோடிகள் போட்டு, அந்தப் பிக்சல் வழக்கமாக எவ்வளவு ஏறி இறங்கும் என்று பார்த்து, அதையும் தாண்டி விழுந்தால் மட்டும் குறியுங்கள். ரப்பரிலும் தென்னையிலும் எப்போதுமே குறைவுதான், விழுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே நிறம் வராததை "சேதமில்லை" என்று யாராவது படித்துவிடாமல், அந்தப் பகுதியைச் சாம்பல் நிறத்தில் மூடி "பார்க்க இயலாது" என்று எழுதுங்கள். மீட்புக்குப் போகிறவர்கள் அந்தப் படத்தை நம்பி வண்டியைத் திருப்புவார்கள்.

கோஹரன்ஸில் பூச்சியம் எது என்று தெரிய முட்டம் கடல்மேல் பாருங்கள். 30 பிக்சல் சாளரம் (கோஹரன்ஸைக் கணக்கிடும் பரப்பு) வைத்தால் ஒன்றுமே இல்லாத அலைமேலும் 0.16 காட்டும், சாளரம் சிறுத்தால் இன்னும் கூடும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் உள்ளதெல்லாம் வெறும் இரைச்சல்.

கல்குவாரிகளையும் தனியே குறித்து வையுங்கள். எஸ்ஆர்டிஎம் (விண்வெளி ஓட ரேடார்) உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது. அதற்குப் பிறகு 30 மீட்டர் வெட்டிய பாறையில், 100 மீட்டர் பேஸ்லைனுக்கு 5 மி.மீ. பொய் அசைவு வரும். கோப்பர்னிகஸ் 30 மீட்டர் தரவு அதைவிடப் புதிது, அதை எடுங்கள். அதிலும் அண்மையில் வெட்டியது இருக்காது.

அதிர்வு நடந்த அன்று செய்ய வேண்டியது இவ்வளவே: அடுத்த படம் எந்த நாள் என்று கால அட்டவணையைப் பார்ப்பது, முந்தைய படங்களில் மழையில்லாத நாளைத் தேர்வது, வட்டில் இடம் ஒதுக்குவது. ஒரு எஸ்எல்சி கோப்பே பல ஜிபி. புதுப் படம் வந்ததும் உடனடிச் சுற்றுப்பாதைக் கோப்பை வைத்து ஓட்டிவிடுங்கள், துல்லியக் கோப்பு வர சுமார் 20 நாள் ஆகும், அப்போது மறுபடி ஓட்டுங்கள். இணையம் மெதுவாக இருந்தால் ஹைப்3 இணையச் சேவையில் கேட்டால் அவர்கள் கணினியிலேயே செய்து தருவார்கள், 80 மீட்டர் அல்லது 40 மீட்டர் பிக்சல். மலைச்சரிவுக்கு 40 எடுங்கள். குறி விஷயத்தில் கவனம்: ஹைப்3-யின் அன்ராப் ஃபேஸில் கூட்டல் என்றால் செயற்கைக்கோளை விட்டு விலகல், அதே பொட்டலத்தில் உள்ள அசைவுக் கோப்பில் கூட்டல் என்றால் நெருங்கல்.

---

தோவாளை_சிவில்

முட்டம் கடலில் 0.17 வருகிறது. குலசேகரம் ரப்பரில் 0.19. நாகர்கோவில் நகரத்துக்குள் 0.7-க்கு மேல். குறிப்புப் புள்ளிக்கு மருந்துவாழ் மலைப் பாறையை எடுத்திருக்கிறேன், சரியா?

---

பதில் 5: கோதையாறு

பாறை நல்லது. உச்சியை எடுக்க வேண்டாம், அடிவாரத்துப் பாறையை எடுங்கள். நகரத்தின் உயரத்துக்குச் சமமாக இருந்தால் காற்றுத் தாமதம் குறைவாக ஒட்டும். பேச்சிப்பாறைக்கு அதையே வைக்காதீர்கள், தூரம் அதிகம், நடுவில் மலைக்காற்று மாறிவிடும். அணைக்குப் பக்கத்திலேயே கோஹரன்ஸ் எல்லாப் படத்திலும் 0.6-க்கு மேல் நிற்கும் ஒரு பாறையைத் தேடி அதற்குத் தனிக் குறிப்புப் புள்ளி வையுங்கள்.